தொட்டிக்குள் மயங்கிக் கிடப்பவருக்கு மூச்சுப்பாதை: உள்ளேயே செய்வதா, மேலே கொண்டுவந்த பிறகா?

இரவுப்பணி கேட்டது:

வணக்கம். ஆம்புலன்ஸில் மருத்துவ உதவியாளராக இருக்கிறேன். இப்போது தொட்டி, மேன்ஹோல், சைலோ (தானியம் கொட்டிவைக்கும் உயரமான கலம்) மாதிரி இடங்களில் இறங்கும் மீட்புக் குழுவிலும் என்னைச் சேர்த்திருக்கிறார்கள். போன பயிற்சியில் கிளம்பிய ஒரு வாதம் இன்னும் தீரவில்லை.

பயிற்சி இதுதான். நான்கு மீட்டர் ஆழத் தொட்டி, மேலே 60 செ.மீ. வாய். அடியில் ஒருவர் மயங்கிக் கிடக்கிறார், தொண்டையில் குறட்டைச் சத்தம். நான் மூச்சுக்கருவி மாட்டிக்கொண்டு இறங்கினேன். பொம்மைக்கு ஐ-ஜெல் (வாய் வழியாகத் தொண்டையில் வைக்கும் மூச்சுப்பாதைக் கருவி) போட்டு, ஆம்பு பேக் (கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் பை) மாட்டி, நாலு தடவை அழுத்திப் பார்த்து, பிறகுதான் ஹார்னஸ் (தூக்குவதற்கு உடலில் கட்டும் பட்டை) மாட்டினேன். மேலே வந்ததும் குழுத் தலைவர், "இவ்வளவு நேரம் உள்ளே என்ன செய்தாய்? தாடையைத் தூக்கிப் பிடி, கட்டு, ஏற்று, அவ்வளவுதான்" என்றார். மூத்த நர்ஸ் ஒருவர், "மூச்சுப்பாதையை உறுதி செய்யாமல் ஆளை அசைக்கவே கூடாது, வழியிலேயே போய்விடுவார்" என்றார். இரண்டு பேருமே அனுபவசாலிகள். நான் யார் பேச்சைக் கேட்பது? இன்டியூபேஷன் (மூச்சுக்குழலுக்குள் ட்யூப் போடுவது) தெரிந்த டாக்டர் கூட வந்தால் பதில் மாறுமா?

கயிற்றுக்காரர் எழுதியது:

தம்பி, உங்கள் தலைவரும் நர்ஸும் வேறு வேறு சம்பவத்தை மனதில் வைத்துப் பேசுகிறார்கள். அவர் ஏன் விழுந்தார் என்பதுதான் முதல் கேள்வி. காற்று கெட்டு விழுந்தாரா, நல்ல காற்றில் அடிபட்டு, சிக்கிக் கிடக்கிறாரா? உங்கள் பயிற்சித் தாளில் இது எழுதியிருந்ததா? எழுதவில்லை என்றால் சண்டை அங்கேதான் தொடங்கியிருக்கிறது.

கேஸ் மீட்டர் வேறு சொல்லும் வரை காற்று கெட்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம். 19.5க்குக் கீழே போனாலே குறைவு என்று கணக்கு. 6க்குக் கீழே இருக்கும் இடத்தில் தலையை நுழைத்தால் சில மூச்சிலேயே நினைவு தப்பிவிடும். அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு என்றால் 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) வாக்கில் மூக்கு மரத்துப்போகும், நாற்றமே தெரியாது. 500ஐத் தாண்டினால் சில நிமிடத்துக்குள்ளேயே ஆள் சரிவார். அப்படி விழுந்தவருக்கு நாக்கு பின்னால் சரிந்து அடைத்திருப்பது இரண்டாவது பிரச்சினைதான். நாக்கை விலக்கி அருமையாகப் பாதை திறந்துவிட்டால் உள்ளே போகப்போவது எது? அவரை விழவைத்த அதே காற்று.

ஆம்பு பேக்கை இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். பயிற்சிக்கு வருகிறவர்களில் பலர் இதை யோசித்திருப்பதில்லை. பேக்கை அழுத்திவிட்டால் அது திரும்ப உப்ப வேண்டும். எங்கிருந்து காற்றை இழுக்கும்? பின்பக்கம் உள்ள வால்வு வழியாக. அதோடு இணைந்த ரிசர்வாயர் பை (ஆக்சிஜன் சேர்ந்து நிற்கும் பை) நிறைந்திருந்தால் அதிலிருந்து ஆக்சிஜனை இழுக்கும். சிலிண்டர் குழாய் கழன்றிருந்தாலோ, பை சுருங்கிக் கிடந்தாலோ, நீங்கள் பதற்றத்தில் வேகவேகமாக அழுத்தினாலோ, சுற்றியுள்ள காற்றைத்தான் இழுக்கும். அதாவது, தானாக மெலிதாக மூச்சுவிட்டுக்கொண்டிருந்தவருக்கு நீங்கள் கை வலிக்க விஷக்காற்றை அழுத்தி ஏற்றுவீர்கள். ஐ-ஜெல் நன்றாக உட்கார்ந்திருந்தால் இன்னும் நன்றாக ஏறும். ரிசர்வாயர் வைத்த சாதாரண ஆக்சிஜன் மாஸ்க்கும் அப்படித்தான். கன்னத்து ஓரத்து இடைவெளி வழியே வெளிக்காற்று புகும். ஆக்சிஜன் மாஸ்க் சிகிச்சைக் கருவி, காப்புக் கருவி கிடையாது. இந்த வித்தியாசத்தை உங்கள் குழுவில் எல்லோரும் வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும் என்பேன்.

சரி, கெட்ட காற்றில் உள்ளே என்னதான் செய்யலாம்?

முதலில் நல்ல காற்றை அவர் முகத்துக்குக் கொண்டுபோங்கள். ப்ளோயர் (வெளிக்காற்றை உள்ளே ஊதும் விசிறி) குழாயின் வாயைத் தொட்டி நடுவில் தொங்கவிடாமல் அவர் தலைப்பக்கம் இறக்குங்கள். இதை நான் மூச்சுப்பாதை வேலையாகவே கற்றுத்தருகிறேன். தானாக மூச்சு விடுகிறார் என்றால் தப்பிக்கும் ஹுட் (தனிக் காற்று வசதியோடு தலையை மூடும் உறை) ஒன்றைத் தலையில் மாட்டலாம். அது 10, 15 நிமிடத்துக்குத் தொடர்ந்து காற்றை ஓடவிடும், முகத்தோடு இறுகப் பொருந்த வேண்டிய அவசியமும் இல்லை. முன்பக்கம் கண்ணாடி மாதிரி இருப்பதால் வாந்தி எடுத்தால் தெரியும். ஆனால் மூச்சே இல்லாதவருக்கு ஹுட்டால் பயன் இல்லை. அவரை அப்படியே ஏற்றுங்கள். ஊதுவது, நெஞ்சை அழுத்துவது எல்லாம் மேலே, நல்ல காற்றில். 60 செ.மீ. வாய்க்குக் கீழே, முதுகில் சிலிண்டரோடு, குனிந்தபடி உருப்படியாக சிபிஆர் செய்ய முடியாது. மூளைக்குக் கிடைப்பது நான்கைந்து நிமிடம். அதை அங்கே செலவழிக்காதீர்கள்.

இரண்டாவது தாடை. அவ்வளவுதான் உள்ளே. கழுத்தில் அடி இருக்கலாம் என்பதால் தலையைச் சாய்க்காமல் தாடையை மட்டும் முன்னால் தள்ளுங்கள். அதில் திறக்கவில்லை என்றால் தலையையும் சாய்த்துத் திறக்க வேண்டியதுதான். மூச்சு நின்றவருக்குக் கழுத்தைக் காப்பாற்றி என்ன செய்யப்போகிறோம்?

இன்னொன்று, நம் முகமூடிக்குள் நம் மூச்சே இரைச்சலாக இருக்கும். அவர் மூச்சைக் கேட்க முடியாது, கன்னத்தை அருகே வைத்து உணரவும் முடியாது. ரப்பர் கையுறை விரலுக்கு நாடி தெரியாது. அதனால் ஹெல்மெட் விளக்கைப் பக்கவாட்டிலிருந்து வயிற்றின் மேல் படும்படி சாய்த்து, நிழல் ஏறி இறங்குகிறதா என்று பத்து விநாடி பாருங்கள். நேராக அடிக்கும் வெளிச்சத்தில் மெல்லிய மூச்சு கண்ணில் படாது. "சரியாகக் கேட்கவில்லை" என்று ஒருவன் முகமூடியைக் கழற்றினால் அடுத்து ஏற்ற வேண்டியது இரண்டு பேரை. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் 1986லேயே எழுதியது, இப்படிப்பட்ட இடங்களில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கு மேல் காப்பாற்றப் போனவர்கள் என்று. அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசையும். போனவர்கள் எல்லோரும் நல்ல மனதோடு போனவர்கள்.

நல்ல காற்றில் சிக்கிக் கிடப்பவர் என்றால் உங்கள் நர்ஸ் சொல்வதுதான் சரி. அங்கே நேரம் இருக்கிறது, செய்ய வேண்டியதும் நிறைய இருக்கிறது. மண் சரிந்து மார்பு வரை புதைந்தவரை எடுத்துக்கொள்ளுங்கள். கை கால்களைத் தோண்டிக்கொண்டிருக்காமல் முதலில் முகம், அடுத்து மார்பு. வாய் திறந்திருந்தாலும் மார்பு விரிய இடம் இல்லை என்றால் மூச்சு நடக்காது. வாய்க்குள் கண்ணில் படுகிற மண்ணை மட்டும் எடுங்கள், தெரியாததை விரலால் துழாவினால் உள்ளே தள்ளிவிடுவோம். பக்கத்தில் தோண்டும்போது தூசி பறக்கும், அவருக்கு ஒரு மாஸ்க் போட்டுவிடுங்கள். பலரும் இதை மறந்துவிடுகிறார்கள்.

மயக்கவியல்_மருத்துவர் எழுதியது:

கயிற்றுக்காரர் சொன்னதோடு உடன்படுகிறேன். டாக்டர் வந்தால் மாறுமா என்ற கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

கெட்ட காற்றில் மாறாது. முகமூடி போட்டுக்கொண்டு லாரிங்கோஸ்கோப் (தொண்டைக்குள் பார்க்கும் கருவி) வழியாகக் குரல்நாணைப் பார்ப்பது எனக்கும் கஷ்டம். மருந்து கொடுத்துத் தசைகளைத் தளர்த்திய பிறகு ட்யூப் போகவில்லை என்றால் அவர் தானாக விட்டுக்கொண்டிருந்த கொஞ்ச மூச்சையும் நான் பறித்தவன் ஆவேன்.

நல்ல காற்றில், மணிக்கணக்கில் சிக்கியிருப்பவருக்குத் தேவைப்படலாம். அப்போதும் தலைமாட்டில் நின்று போடும் வசதி கிடைக்காது. அவர் உட்கார்ந்த நிலையில் இருப்பார், நான் எதிரே மண்டியிட்டிருப்பேன். லாரிங்கோஸ்கோப்பை வலது கையில் பிடித்து, பிளேடு கீழே பார்க்க நாக்கின் மேல் மாட்டி, என்னை நோக்கி இழுக்க வேண்டும். இடது கையில் ட்யூப். வழக்கமாகச் செய்வதற்கு எல்லாம் தலைகீழ். பொம்மையில் பழகாதவர் சம்பவ இடத்தில் முதன்முதலாக முயலக் கூடாது. வீடியோ லாரிங்கோஸ்கோப் இருந்தால் கொஞ்சம் எளிது.

அதனால் ஐ-ஜெல் மாதிரி கருவிகளுக்கு இங்கே நல்ல இடம் உண்டு. எதிரே இருந்தும் பக்கவாட்டிலிருந்தும் போடலாம், காற்று நிரப்ப வேண்டிய சிறு பலூன் (கஃப்) இல்லை. 50 முதல் 90 கிலோ ஆளுக்கு 4ஆம் எண். ஆனால் வாந்தி நுரையீரலுக்குள் போவதை முழுதாகத் தடுக்காது. தொண்டையைத் தொட்டால் உமட்டும் அளவுக்கு உணர்வு இருப்பவருக்குப் போட்டால் நாமே வாந்தியை வரவழைப்போம். அப்படிப்பட்டவருக்கு மூக்கு வழிக் குழாய் நன்றாக ஒத்துப்போகும். மூக்கு நுனியிலிருந்து காதுமடல் வரை அளந்து, ஜெல் தடவி, மூக்கின் தரைக்கு இணையாகத் தள்ளுங்கள், மேல்நோக்கித் தள்ளாதீர்கள். மண்டையோட்டின் அடிப்பகுதி உடைந்திருக்குமோ என்று சந்தேகம் இருந்தால் யோசித்துச் செய்யுங்கள்.

ட்யூப் போட்டாயிற்று என்று நிம்மதியாக இருக்கவும் கூடாது. தலை குனிந்தால் ட்யூப் நுனி உள்ளே இறங்கும், நிமிர்ந்தால் மேலே வரும், இரண்டு பக்கமும் 2 செ.மீ. வரை. குறுகிய வாய் வழியாக ஆளை வளைத்து எடுக்கும்போது நடப்பது இந்த இரண்டும்தான். நகர்த்தும் ஒவ்வொரு முறையும் கேப்னோகிராஃபில் (வெளிவிடும் மூச்சை அளக்கும் கருவி) கார்பன் டையாக்சைடு அலையைப் பாருங்கள். அலை போய்விட்டால் ட்யூப் வெளியே வந்துவிட்டது என்றே எடுத்துக்கொண்டு நடவடிக்கை எடுங்கள்.

எதுவுமே போகவில்லை, முகம் சிதைந்திருக்கிறது என்றால் கழுத்தின் முன்பக்கத்தில் வெட்டி மூச்சுக்குழலுக்கு வழி திறப்பதுதான். 10ஆம் எண் பிளேடு, பூஜி (ட்யூபுக்கு வழிகாட்டும் மெல்லிய வளையும் குச்சி), 6 மி.மீ. கஃப் உள்ள ட்யூப். இந்த மூன்றையும் ஒரே பையில் போட்டுத் தனியாக வைத்திருங்கள்.

தாய்லாந்துக் குகையில் 2018 ஜூலையில் 12 சிறுவர்களையும் பயிற்சியாளரையும் நீருக்குள் மூழ்கியபடி வெளியே கொண்டுவந்தார்களே, அதில் மயக்க மருத்துவர் ரிச்சர்ட் ஹாரிஸ் யாருக்கும் ட்யூப் போடவில்லை. கெட்டமின் ஊசி கொடுத்தார், அது மயக்கினாலும் தானாக மூச்சுவிடுவதை நிறுத்தாது. எச்சில் பெருகாமல் இருக்க அட்ரோபின். முகம் முழுதும் மூடும், உள்ளே காற்றழுத்தம் கூடுதலாக இருக்கும் மாஸ்க். அது நன்றாகப் பொருந்துகிறதா என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் பார்த்தார்கள். முகம் கீழே பார்க்கக் கொண்டுவந்தார்கள். என் துறைக்காரர்களிடம் இதை அடிக்கடி சொல்வேன். உலகமே பார்த்துக்கொண்டிருந்த அந்த மீட்பில் மருத்துவர் தேர்ந்தெடுத்தது ஆள் தன் மூச்சைத் தானே விடும்படி வைத்திருப்பதை.

இரவுப்பணி எழுதியது:

இரண்டு பேருக்கும் நன்றி சார். பயிற்சித் தாளைப் பார்த்தேன். காற்று அளவு பற்றி ஒரு வரிகூட இல்லை. அடுத்த முறைக்கு எழுதிவிடுகிறேன்.

ஒரு சந்தேகம். காற்று கெட்டிருந்தால் சிலிண்டரைத் திறந்து ஆக்சிஜனை உள்ளேயே ஓடவிட்டால் என்ன? அவருக்கும் நல்லது, தொட்டிக்கும் நல்லது என்று ஒருவர் சொன்னார். அப்புறம், தூக்கும்போது தலையை என்ன செய்வது? மேலே வரும் வரை தாடையைப் பிடிக்க யாரும் இல்லையே.

கேஸ்_மீட்டர் எழுதியது:

தொழிற்சாலைப் பாதுகாப்பில் இருக்கிறேன். ஆக்சிஜன் கேள்விக்கு: தயவுசெய்து வேண்டாம். எங்கள் கணக்கில் 23.5 சதவீதத்தைத் தாண்டினாலே அது ஆக்சிஜன் மிகுந்த இடம். அங்கே துணி, முடி, எண்ணெய்க் கறை எல்லாம் சட்டென்று பற்றும், பற்றினால் அணையாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 கன மீட்டர் தொட்டி, காற்றோட்டம் இல்லை. 20.9 சதவீதம் 23.5 ஆக ஏறத் தேவையான ஆக்சிஜன் சுமார் 330 லிட்டர். மாஸ்க்குக்கு நிமிடத்துக்கு 15 லிட்டர் திறந்துவைத்தால் 22 நிமிடத்தில் அங்கே போய்விடும். இது எல்லா இடத்திலும் ஒரே சீராகக் கலந்தால். நிஜத்தில் அவருடைய சட்டை, தலைமுடி, நீங்கள் மண்டியிட்டிருக்கும் மூலை இங்கேதான் முதலில் சேரும். அந்த நேரத்தில் மேலே ஒருவர் கிரைண்டரால் கம்பி வெட்டிக்கொண்டிருப்பார்.

நல்ல காற்று வேண்டும் என்றால் ப்ளோயரில் காற்றைத்தான் ஊத வேண்டும். சிகிச்சைக்கு ஆக்சிஜன் கொடுப்பதாக இருந்தால் ப்ளோயரும் ஓட வேண்டும், மீட்டர் அவர் தலைப்பக்கம் இருக்க வேண்டும், வெட்டும் வேலையை நிறுத்த வேண்டும்.

இன்னொன்று, கார்பன் மோனாக்சைடு சந்தேகம் இருந்தால் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை நம்பாதீர்கள். ரத்தத்தில் அந்த விஷம் ஏறியிருந்தாலும் 98, 99 என்று காட்டும். மேலே வந்ததும் எண்ணைப் பார்க்காமல் முழு ஆக்சிஜன் கொடுங்கள்.

கயிற்றுக்காரர் எழுதியது:

தலை பற்றிக் கேட்டீர்களே, அதுதான் எனக்கு மிகவும் முக்கியமானது. உள்ளே செய்ததெல்லாம் வீணாகப் போவது இந்த நான்கு மீட்டரில்தான்.

ஹார்னஸின் முதுகு வளையத்தில் மட்டும் கொக்கியை மாட்டி நினைவில்லாதவரைத் தூக்கினால் உடல் முன்னால் சாயும், தாடை நெஞ்சில் போய் உட்காரும். பயிற்சியில் விழிப்போடு இருக்கும் ஒருவரைக் கழுத்தைத் தளரவிடச் சொல்லித் தூக்கிப் பாருங்கள். ஓரடி ஏறுவதற்குள் அவருக்கே குறட்டைச் சத்தம் வரும். பார்த்தவர் எவரும் மறக்க மாட்டார். மயங்கியவருக்கு அந்தக் குறட்டையும் நின்றுபோகலாம். சத்தம் நின்றால் சரியாகிவிட்டது என்று மேலே நிற்பவர் நினைத்துக்கொள்வார். குறட்டை என்றால் பாதி அடைப்பு. சத்தமே இல்லை என்றால் முழு அடைப்பாக இருக்கலாம்.

இரண்டு தோளிலும் வளையம் உள்ள ஹார்னஸ், அதற்கு ஒய் (Y) வடிவத் தூக்குப் பட்டை, இது இருந்தால் ஆள் நிமிர்ந்து வருவார், தலை அவ்வளவு மோசமாகச் சாயாது. கழுத்துக்கு ஒரு காலர் போடுங்கள். முதுகெலும்புக்காக என்பதைவிடத் தாடை விழாமல் தாங்குவதற்காக. மாட்டுவதற்குக் கொஞ்ச நேரம்தான் ஆகும், கெட்ட காற்றிலும் அந்த நேரத்தைக் கொடுப்பேன். சுருட்டிக் கட்டும் ஸ்ட்ரெச்சர் வாய்க்குள் நுழையும் என்றால் அதில் தலையைத் தனியாகப் பட்டி போட்டுக் கட்டுங்கள். ஆனால் கட்டிய பிறகு வாந்தி வந்தால் என்ன செய்வீர்கள் என்று யோசித்துவிட்டுக் கட்டுங்கள். மொத்தமாக ஒரு பக்கம் புரட்ட வேண்டும், அதற்குத் தொட்டிக்குள் இரண்டு பேராவது வேண்டும்.

மேலே வாய்க்கு அருகே நிற்பவருக்கு வேறு எந்த வேலையும் கொடுக்காதீர்கள். மண்டியிட்டு, இரண்டு கையும் காலியாக. தலை வெளியே தெரிந்ததும், தோள் வரும் முன்பே தாடையைப் பிடிப்பவர் அவர்தான். உங்கள் ஐ-ஜெல், சக்‌ஷன் (வாயில் சேர்ந்ததை உறிஞ்சும் கருவி), ஆக்சிஜன் எல்லாம் அவருக்குப் பக்கத்தில் பிரித்து வைத்திருக்க வேண்டும், ஆம்புலன்ஸுக்குள் கிடக்கக் கூடாது. நான் பார்த்த பயிற்சிகளில் பெரும்பாலும் தாமதம் இந்த இடத்தில்தான். ஆள் வெளியே வந்து கிடப்பார், பையைத் திறந்துகொண்டிருப்பார்கள்.

முடிந்தால் இறங்கவே இறங்காதீர்கள். உள்ளே வேலைக்குப் போகிறவர் முதலிலேயே ஹார்னஸ் மாட்டி, கயிறு மேலே ட்ரைபாடில் (முக்காலித் தாங்கி) கட்டியிருந்தால், விழுந்த அடுத்த நிமிடம் வெளியிலிருந்தே ஏற்றிவிடலாம். அமெரிக்க விதி 1993லிருந்து 5 அடிக்கு மேல் ஆழமான செங்குத்து இடங்களுக்கு இயந்திர வின்ச் (கயிற்றைச் சுற்றி இழுக்கும் கருவி) இருக்க வேண்டும் என்கிறது. உங்கள் ஊசி, ட்யூப், பேக் எல்லாவற்றையும்விட அந்த வின்ச் அதிகம் பேரைப் பிழைக்க வைக்கும்.

உங்கள் சொந்தக் காற்றையும் கணக்கில் வையுங்கள். 6.8 லிட்டர் சிலிண்டர் 300 பாரில் சுமார் 2000 லிட்டர். இழுத்துத் தூக்கும் வேலையில் நிமிடத்துக்கு 60 லிட்டர்கூடப் போகும். காற்று குறைந்துவிட்டது என்று கருவி விசில் அடிப்பதற்கு முன் கையில் இருப்பது அரைமணிக்கும் குறைவு, அதில் ஏறிவர வேண்டிய நேரமும் அடக்கம்.

இரவுப்பணி எழுதியது:

தோள் வளையம் உள்ள ஹார்னஸ் எங்களிடம் ஒன்று இருக்கிறது, யாரும் எடுப்பதில்லை. நாளைக்கே மாட்டிப் பார்க்கிறேன். கடைசியாக ஒன்று: உள்ளே கொண்டுபோக பேட்டரி சக்‌ஷன் வாங்கலாமா?

கேஸ்_மீட்டர் எழுதியது:

எரியும் வாயு இருக்கக்கூடிய இடத்துக்கு வேண்டாம். சாதாரண பேட்டரி சக்‌ஷன், மானிட்டர், வீடியோ லாரிங்கோஸ்கோப் எதுவும் வெடிக்கும் சூழலுக்கு என்று சான்று பெற்றவை கிடையாது. மோட்டார் பொறி போதும். வாயு வெடிக்கத் தேவையான குறைந்தபட்ச அளவில் 10 சதவீதம் இருப்பதாக மீட்டர் காட்டினாலே நாங்கள் ஆளையே உள்ளே விடுவதில்லை. கையால் அழுத்தும் சக்‌ஷன் பம்ப் வாங்குங்கள், மின்சாரமே வேண்டாம், ஒரு கையால் இயக்கலாம். கையுறையோடு அழுத்த வருகிறதா என்று மட்டும் வாங்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.